தோட்டம் என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பில் ஊர்ப்பெயர்களைப் பற்றிய பாடம் நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில் மாணவன் ஒருவன் எழுந்தான். யட்டியாந்தோட்டையைச் சூழ இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் இருத்தலினாலேதான் அவ்வூருக்குத் தோட்டை என்னும் பெயர் வந்ததோ என வினவினான். ஆம் எனக் கூறிப் பாடத்தை மேலே நடத்துதல் எளிது. ஆயினும் அவ்விடை பிழையானது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சரியான விடையை ஒரு வாக்கியத்தில் அடக்குதலும் அரிதாயிருந்தது.

அதே மாணவன், பின்னர், உயர்தர வகுப்பின் பொருட்டு நகர்ப்புறப் பாடசாலை ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதி என்னிடம் காட்டினான். முகவரியில் ஊரின் பெயர் இருந்தது. அவன் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பெயர் இல்லை. காரணம் வினவினேன். தோட்டம் என்று எழுதினால் வேறு விதமாகப் பார்ப்பார்கள் என்றான். ஊர்ப்பெயரிலுள்ள தோட்டையை எழுத அவன் கூசவில்லை. தன் இல்லம் அமைந்த தோட்டத்தை எழுதவே கூசினான். ஓசையால் ஒத்த இவ்விரண்டும் எங்கிருந்து வந்தன, எப்பொருள்களைத் தாங்கின, அவற்றுள் ஒன்று கூசத்தக்கதாக ஆனது எவ்வாறு என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்ப்பெயரிலுள்ள தோட்டை

யட்டியாந்தோட்டை, சப்பிரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்திலே களனி கங்கையின் கரையில் அமைந்த ஊர். அவிசாவளையிலிருந்து அட்டனுக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரினூடாகவே கித்துல்கலையை நோக்கிச் செல்கின்றது. சாலையும் இருப்புப்பாதையும் தோன்றுமுன்னர் இப்பகுதியாருக்குக் கொழும்பொடு தொடர்பளித்த வழிகளுள் களனி கங்கை முதன்மையானது. ஆற்றைக் கடத்தலும், ஓடத்திற் சரக்கேற்றலும், இறக்கலும் எங்கு எளிதோ அங்கு மக்கள் கூடுவர். அங்கு ஊர் உண்டாகும்.

அத்தகைய இடத்தைச் சிங்கள மொழி ‘தொட்ட’ என வழங்கும். ஆற்றைக் கடக்கும் துறை, ஓடத்துறை, தோணித்துறை, துறைமுகம் ஆகிய பொருள்கள் அச்சொல்லுக்கு உண்டு. அம்பாந்தோட்டை, பெந்தோட்டை என்னும் பெயர்களின் ஈற்றிலும் இச்சொல்லே நிற்கின்றது. அம்பாந்தோட்டை கடற்றுறை, பெந்தோட்டை ஆறு கடலொடு கலக்குமிடம். இவ்விடங்களுக்குத் தேயிலையோடும் இறப்பரோடும் பெயரளவில் யாதொரு தொடர்பும் இல்லை. தமிழர் தோட்டம் என அழைக்கும் பெருநிலத்தைச் சிங்களவர் ‘வத்த’ என்றே அழைப்பர். யட்டியாந்தோட்டை தோட்டங்களாற் பெயர் பெற்றிருப்பின் அப்பெயரின் ஈற்றில் ‘வத்த’ நின்றிருக்கும்.

இனி, ‘தொட்ட’ என்பது தமிழில் ‘தோட்டை’ ஆனவாற்றை நோக்குவாம். சிங்களப் பெயர்களின் ஈற்று அகரம் தமிழில் ஐகாரமாதல் பெருவழக்கு. பதுளை, கேகாலை, பலாங்கொடை, அவிசாவளை என்பன அவ்வாறு அமைந்தவை. சிங்களச் சொல்லில் டகரம் ஒன்றேயாயினும் அது வல்லோசை உடையது. தமிழில் உயிர்களிடையே தனித்து நிற்கும் டகரம் மெலிந்தொலிக்கும். வல்லோசையைக் காத்தற்கு அதனை இரட்டித்தல் வேண்டும். இவ்விரு மாற்றங்களும் தமிழின் ஒலி இயல்பால் நேர்ந்தவை. மூன்றாவது மாற்றமே கருதத்தக்கது. சிங்களச் சொல்லின் முதலுயிர் குறில். தமிழில் அது நெடிலாயிற்று. இந்நீட்சிக்கு ஒலியியற் காரணம் ஒன்றும் இல்லை. தமிழ்ச் செவிக்குப் பழகிய தோட்டம் என்னும் சொல், தன்னை ஒத்த அயற்சொல்லைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது எனக் கொள்ளலே பொருந்தும். பொருள் விளங்காத சொல்லைக் கேட்போர், பொருள் விளங்கும் சொல்லொன்றின் வடிவை அதற்கு அளித்தல் எம்மொழியிலும் உண்டு.

எல்லாவிடத்தும் இவ்வாறு நிகழவில்லை என்பதற்குக் களுத்துறை சான்று. களு கங்கை கடலொடு கலக்கும் அவ்வூரின் தமிழ்ப் பெயர் துறை என முடிகின்றது. அங்குத் தமிழ்ப்பெயர் இடத்தின் இயல்பையும் உணர்த்துகின்றது. எமது ஊரிலோ ஓசை மட்டும் வந்தது, பொருள் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டது.

மாதோட்டமும் தீர்த்தமும்

‘தொட்ட’ என்னும் சொல்லின் பழைமையை அறிதற்கு மன்னார்க் கரைக்குச் செல்லல் வேண்டும். திருக்கேதீச்சரம் அமைந்த பதி மாதோட்டம் எனப்படும். பாலாவியின் கரையிலுள்ள இத்தலத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினர். சோழர் காலக் கல்வெட்டு மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்னும் மறுபெயரையும் தருகின்றது. இதே துறையை மகாவம்சம் ‘மகாதித்த’ என்னும் பாளிப் பெயராற் குறிக்கும். விசயனுக்கு மணமகளாகப் பாண்டி நாட்டிலிருந்து வந்த இளவரசியும் அவளுடன் வந்தோரும் கரையிறங்கிய இடம் அதுவே என அந்நூல் கூறும். சிங்களத்தில் அது ‘மாதொட்ட’ ஆகும்.

பாளியில் ‘தித்த’ என்பது துறை. பெந்தோட்டையையும் பாளி நூல் ‘பீமதித்த’ என்றே வழங்கும். சிங்களம் ‘தொட்ட’ என நிறுத்துமிடத்துப் பாளி ‘தித்த’ என நிறுத்துகின்றது. வடமொழி ‘தீர்த்த’ என நிறுத்தும். மூன்றும் ஒரு குடும்பத்தன என்பர் மொழிநூலார். கடத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வினையடியிலிருந்து பிறந்த ‘தீர்த்த’ என்பது முதலிற் கடக்கும் துறையை உணர்த்திற்று. பின்னர் நீராடும் துறையை உணர்த்திற்று. அதன்பின் புனித நீர்நிலையையும், திருத்தலத்தையும், அந்நீரையும் உணர்த்துவதாயிற்று. சமணர் தம் அருகரைத் தீர்த்தங்கரர் என்றது, பிறவிக் கடலைக் கடக்கும் துறையை அமைத்தோர் என்னும் கருத்தினால் ஆகும். எமது கோயில்களில் அருச்சகர் உள்ளங்கையில் வார்க்கும் தீர்த்தமும், மகோற்சவத்தின் இறுதியில் நிகழும் தீர்த்தத் திருவிழாவும் அச்சொல்லின் வழிவந்தவையே. ஆகவே யட்டியாந்தோட்டை என எழுதும் ஒவ்வொரு முறையும், நாம் அறியாமலே தீர்த்தத்தின் உறவுச் சொல்லொன்றை எழுதுகின்றோம்.

மாதோட்டம் என்பதற்கு வேறு விளக்கங்களும் உண்டு. துவட்டா என்னும் தெய்வத் தச்சன் வழிபட்டமையால் மாதுவட்டாபுரம் எனப் பெயர் பெற்று, அஃது மாதோட்டம் என மருவிற்று என்பது தலபுராண மரபு. மா என்பதைப் பெருமை எனவோ மாமரம் எனவோ கொண்டு, பெரிய தோட்டம் அல்லது மாந்தோட்டம் எனப் பொருள் உரைப்பாரும் உளர். தலபுராண விளக்கம் பத்தியின்பாற்பட்டது. அதனை ஈண்டு மறுத்தல் எமது கருத்தன்று. ஆயினும், அவ்விடம் நெடுங்காலம் வணிகக் கப்பல்கள் வந்து தங்கிய துறைமுகம் என்பதையும், பாளிப்பெயர் பெருந்துறை என்றே பொருள்படுவதையும் ஒருங்கு நோக்குமிடத்து, அதன் ஈற்றுச்சொல் துறையைக் குறித்தது எனக் கொள்ளலே தகும்.

தமிழுக்குரிய தோட்டம்

இனி, தமிழுக்கே உரிய தோட்டத்தை ஆராய்வாம். தமிழிலும் மலையாளத்திலும் தோட்டம் என்றும், கன்னடம், தெலுங்கு, துளு ஆகியவற்றில் ஒற்றை டகரத்தோடு கூடிய ‘தோட’ என்றும் இச்சொல் வழங்குகின்றது. திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாய் நிற்றலின் இது பழஞ்சொல் என்பது தெளிவு. ‘தொட்ட’ என்னும் சிங்களச் சொல்லோடு இதற்கு உள்ளது ஓசை ஒற்றுமை மாத்திரமே.

இதன் அமைப்பும் தமிழ் இயல்பிற்கு ஒத்தது. ஆடு என்பதிலிருந்து ஆட்டம், ஓடு என்பதிலிருந்து ஓட்டம், கூடு என்பதிலிருந்து கூட்டம் பிறத்தல் போல, தோடு என்னும் வினையிலிருந்து தோட்டம் பிறந்திருத்தல் கூடும். ஆட்டம், ஓட்டம், கூட்டம் என்பவற்றுக்கு நேராகக் கன்னடத்திலுள்ள சொற்களும் தோட்டத்திற் போலவே ஒற்றை டகரம் உடையன. ஆகவே இந்நான்கும் ஒரு நிரையின. தமிழிலுள்ள தோடு என்னும் பெயர் இதழ், ஓலை, காதணி, தொகுதி முதலியவற்றை உணர்த்தும். அவற்றுள் எதிலிருந்தும் தோட்டத்தின் பொருள் நேரே வாராது. கன்னடத்திலோ ‘தோடு’ என்பது அகழ்தலைக் குறிக்கும் வினை. கிணறு தோண்டுதற்கு அவர்கள் ஆளும் சொல் அதுவே. தெலுங்கில் அவ்வினை கிணற்றிலிருந்து நீர் இறைத்தலைக் குறிக்கும். தமிழில் தோண்டு என்னும் வினையும், நீர் மொள்ளும் தோண்டி என்னும் கலமும், அகழ்தற் பொருளில் பழந்தமிழ் ஆண்ட தொடு என்னும் வினையும் இவற்றை அடுத்து நிற்கின்றன. ஆதலின், தோண்டிய நிலமும், தோண்டிய கிணற்றின் நீரால் வளர்க்கும் நிலமுமே தோட்டம் என உய்த்துணர்தல் எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இக்கருத்துக்கு வழக்கும் துணைநிற்கின்றது. தோட்டம் துரவு என்பது நம்மவர் வாயில் இணைந்து வரும் தொடர். துரவு என்பது கிணறு. கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தையே தோட்டம் என்பர். வானம் பார்த்த நிலத்தை அவ்வாறு கூறார். யாழ்ப்பாணத்திலும் செம்மண் நிலத்தில் துலா மிதித்து நீர் இறைத்து, புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைத்த நிலமே தோட்டம். மழைநீரில் நெல் விளைவது வயல். துலா மறைந்து நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும் இவ்வேறுபாடு நிற்கின்றது.

தோட்டத்தை ஏனைய சொற்களோடு ஒப்பிடின் அதன் இயல்பு மேலும் விளங்கும். சோலை, பொழில், கா என்பன மரமடர்ந்து நிழல் தருவன. அவை தாமாகவும் வளரும். தோப்பு என்பது நட்டு வளர்த்த மரத்தொகுதி. தென்னந்தோப்பு, மாந்தோப்பு எனப் பெரும்பாலும் ஓரின மரத்தாற் பெயர் பெறும். தோட்டமோ நாள்தோறும் மனிதர் கையை வேண்டுவது. கொத்துதல், நீர் வார்த்தல், களை பிடுங்கல் ஆகிய தொழில்கள் ஒழிந்தால் தோட்டமும் ஒழியும். பூந்தோட்டமாயினும் காய்கறித் தோட்டமாயினும், உழைப்பவனும் பயன்கொள்பவனும் பெரும்பாலும் ஒரே மனையில் வாழ்வர். இதுவே இச்சொல்லின் பழைய உள்ளுறை.

பெருந்தோட்டம்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கை மலைநாட்டிலே காடு வெட்டிக் கோப்பி பயிரிடத் தொடங்கினர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவிற்று. களனிப் பள்ளத்தாக்கிலே தேயிலையை அடுத்து இறப்பரும் ஓங்கிற்று. இந்நிலங்களிலே பணிபுரிய வந்த தமிழ் மக்கள், ஆயிரக்கணக்கான ஏக்கர் பரந்த அந்நிலத்துக்கு எப்பெயர் இடுவர்? தாம் அறிந்த சொற்களுள் நட்டு, கொத்தி, களை பிடுங்கிப் பேணும் நிலத்துக்குரிய சொல்லையே அதற்கு இட்டனர்.

அவர்கள் மட்டுமே இவ்வாறு செய்தவரல்லர். சிங்களவரின் ‘வத்த’ என்பதும் வீட்டைச் சூழ்ந்த தோட்டத்தைக் குறித்த சொல்லே. அசாமிலும் வங்கத்திலும் ‘பாகான்’ என்பர், அதுவும் தோட்டமே. ஆங்கிலேயர் அங்குத் தோட்டம் எனப் பொருள்படும் ‘கார்டன்’ என்பதனையும், இலங்கையில் ‘எஸ்டேட்’ என்பதனையும் வழங்கினர். எஸ்டேட் என்பது நிற்றல், நிலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்து, ஒருவனுடைய தகுதியையும் அத்தகுதிக்கு ஆதாரமான நிலவுடைமையையும் உணர்த்துவதாயிற்று. ஒரே நிலத்துக்கு உடையவன் இட்ட பெயர் உடைமையைச் சுட்டியது. உழைத்தவன் இட்ட பெயர் உழைப்பைச் சுட்டியது.

பெயர் இடம்பெயர்ந்தபோது உள்ளுறை மாறிற்று. கொத்தியவனுக்கு அந்நிலத்தில் ஒரு சாண் தானும் உரிமை இல்லை. விளைந்தது அவன் மனைக்கு வரவில்லை. அவன் குடியிருந்த லயத்து அறையும் தோட்டத்துக்கே உரியது; வேலை போயின் அறையும் போகும். இம்மாற்றத்தை மொழியே பதிவு செய்து வைத்திருக்கின்றது. லயத்தின் பின்புறத்தே ஓய்வு நேரத்தில் கொத்திப் போஞ்சியும் கீரையும் வளர்க்கும் சிறு நிலத்தை எம்மவர் வாளா தோட்டம் என்று கூறுவதில்லை. மரக்கறித் தோட்டம் என அடைகொடுத்தே கூறுவர். அடையின்றித் தோட்டம் என்றால் கம்பனியின் நிலமே பொருளாகும். தனக்கு இயல்பாயிருந்த பொருளை உணர்த்துதற்கு ஒரு சொல் அடைமொழியின் துணையை வேண்டுமாயின், அச்சொல் தன் வீட்டிலேயே விருந்தாளியாயிற்று என்க.

வேறொரு மாற்றமும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவர் தோட்டத்துக்குப் போகின்றேன் என்றால், வேலைக்குப் போகின்றார் என்பது பொருள். யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் நிற்கும் எம்மவர் ஒருவர் அதே வாக்கியத்தைக் கூறின், வீட்டுக்குத் திரும்புகின்றார் என்பது பொருள். வேலைக்குச் செல்வோர் மலைக்குப் போதல் என்றும் பால்வெட்டுக்குப் போதல் என்றும் கூறுவர். கோயிலும், பாடசாலையும், பிள்ளைக் காம்பராவும், பெரட்டுக் களமும், இடுகாடும் தோட்டத்தினுள்ளேயே அமைந்தன. இருவர் முதன்முறை சந்திக்குமிடத்து எந்த ஊர் என வினவுவதில்லை. எந்தத் தோட்டம் என்றே வினவுவர். நிலத்தொழிலைக் குறித்த சொல் இவ்வாறு ஊரைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இத்தகைய மாற்றம் உலகில் வேறிடத்தும் நிகழ்ந்திருக்கின்றது. வட அத்திலாந்திக் கடலிலுள்ள ஐஸ்லாந்து நாட்டின் மொழியிலே ‘தூன்’ என ஒரு பெயர்ச்சொல் உண்டு. பண்ணை வீட்டைச் சூழ எருவிட்டுப் பேணி, கால்நடைகளுக்குப் புல் அரிந்தெடுக்கும் நிலத்தை அது குறிக்கும். அதன் உடன்பிறந்த சொல் செருமானிய மொழியில் ‘த்சவுன்’ என நின்று வேலியை உணர்த்தும். ஒல்லாந்த மொழியில் ‘டொய்ன்’ என நின்று தோட்டத்தை உணர்த்தும். ஆங்கிலத்தில் ‘டவுன்’ என நின்று நகரத்தை உணர்த்தும். வேலி, வேலி சூழ்ந்த நிலம், அந்நிலத்திலமைந்த மனை, மனைகள் பெருகிய ஊர் எனப் பொருள் விரிந்தது. டவுனிலிருந்து வந்தேன் எனப் பெருமையோடு கூறுபவர், தம் சொல்லின் மூதாதை ஒரு வேலி என்பதை எண்ணுவதில்லை. தோட்டமும் ஊர் என்னும் பொருள்வரை வந்துவிட்டது. ஆயினும் டவுனுக்குக் கிட்டிய மதிப்பு அதற்குக் கிட்டவில்லை.

சொல்லின் மேற் படிந்த இழிவு

தோட்டக்காட்டான் என்னும் வசையை அறியாதார் எம்முள் இலர். எமது பிள்ளைகள் பிறவூர்ப் பாடசாலைகளுக்குச் செல்லுங்கால் அதனைக் கேட்டிருக்கின்றனர். யானும் இளமையிற் கேட்டதுண்டு. அச்சொல்லைப் பகுத்து நோக்குவாம். தோட்டம் என்பதன் இயல்பை மேலே கண்டோம். காடு என்பது வனத்தை மட்டும் குறிப்பதன்று. காடு கழனி என்னும் தொடரில் அது பயிர்செய்யும் மேட்டுநிலம்; கொங்கு நாட்டார் இன்றும் தம் புன்செய் நிலத்தைக் காடு என்றே அழைப்பர். ஆகவே அவ்வசையின் இரு கூறுகளும் உழவுத் தொழிலுக்குரிய நற்சொற்கள். தன் தோட்டத்தையும் காட்டையும் உடையவனை எவரும் இகழ்வதில்லை. பிறருடைய தோட்டத்தில் உழைப்பவன் என்னும் நிலையையே அச்சொல் இகழ்ந்தது. சொற்களில் மாசு இல்லை. மாசு நிலவுறவில் இருந்தது.

அவ்வுறவைச் சட்டமும் இறுக்கிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்குமெனப் பங்கிட்டது. எஞ்சியோரைப் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிப்போயிற்று. நாடற்றோர் எனும் நிலையை முற்றாக நீக்கும் நோக்குடைய சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. 1972இலும் 1975இலும் நிகழ்ந்த நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடையவர் மாறினர்; கொத்துபவருக்கு உரிய நிலம் என்னும் வினா அவ்வாறே நின்றது. அண்மைக் காலத்தில் தனி வீட்டோடு ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் எனக் காணியை உறுதியோடு வழங்கும் திட்டங்கள் தொடங்கியுள்ளன. பெற்றோர் உளர், பெறாதோர் மிகப் பலர். ஏழு பேர்ச் என்பது சிறு நிலமே. ஆயினும் அதில் ஒருவர் நடும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் மரக்கறி என்னும் அடைமொழி வேண்டியதில்லை. அது பழம்பொருளில் தோட்டம்.

இவ்விழிவுக்கு அஞ்சித் தோட்டம் என்னும் சொல்லையே கைவிடல் வேண்டும் எனக் கருதுவாரும் உளர். மலையகம், மலையக மக்கள் என்னும் பெயர்கள் மதிப்போடு வழங்குகின்றன, அவை வாழ்க. ஆயினும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்க் காடுகளில் வாழ்வோரிற் பலர் உயர்ந்த மலைமேல் இருப்பவரல்லர். அவர்களையும் நுவரெலியாவின் தேயிலைச் சரிவில் வாழ்வோரையும் ஒருங்கே தழுவும் வாழ்வுச்சொல் தோட்டமே ஆகும். அதனை விடுத்தால் இரு நூற்றாண்டு உழைப்பின் பெயரையும் உடன்விடுத்தவராவோம்.

துறையிலிருந்து தோட்டத்துக்கு

முதலில் எழுந்த வினாவுக்கு மீள்வாம். யட்டியாந்தோட்டையின் தோட்டை துறை; எமது தோட்டம் நிலம். பிறப்பால் இரண்டும் வெவ்வேறு. ஆயினும் வரலாறு அவற்றை ஓரிடத்திற் கூட்டியிருக்கின்றது. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்த எம் முன்னோர்களிற் பலர் தலைமன்னாரிலும் அதனை அடுத்த மன்னார்க் கரைகளிலும் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் இறந்தோர் பலர். அவர்கள் இறங்கிய கரைகளுக்கு அண்மையிலேயே பண்டை மாதோட்டம் உள்ளது. 2023இல், மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்தமையை நினைவுகூர்ந்தோர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவ்வழியே நடந்தனர். பெருந்துறை எனப் பொருள்படும் மாதோட்டத்தை ஓசை வழியே தமிழாகக் கொண்டால் அது பெருந்தோட்டம் ஆகும். ஒரு பெருந்துறையின் அருகே கரையேறியவர்கள், மற்றொரு பெருந்தோட்டத்துக்கு நடந்து சென்றனர்.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு இரு நாட் பாடங்களிற் கூறினேன். அவன் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, முகவரியிலே தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் சேர்த்து எழுதினான். அதனால் அவனுக்கு நன்மை விளைந்ததோ தீமை விளைந்ததோ என்பது ஈண்டு எழுதத்தக்கதன்று. உண்மையான முகவரி அது.

இக்கட்டுரையை வாசிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயரொன்றும் தமிழ் மக்கள் இட்ட பெயரொன்றும் இருத்தல் பெரும்பான்மை. ஆங்கிலப் பெயர் பதிவேடுகளில் உண்டு. தமிழ்ப் பெயர் முதியோர் வாயில் மட்டுமே உண்டு. கவ்வாத்து, பெரட்டு, கொழுந்து, ஒட்டுப்பால் முதலிய தொழிற்சொற்களும், ஒவ்வொரு மலைக்கும் ஓடைக்கும் பாறைக்கும் எம்மவர் இட்ட பெயர்களும் அத்தகையனவே. விடுமுறையில் இல்லம் செல்லுங்கால், பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, பெயரையும் அதன் பொருளையும் ஓர் ஏட்டிலே குறித்து வருக. அகராதி எழுதுவோர் எமது தோட்டங்களுக்கு வந்து கேட்பாரென நாம் காத்திருத்தல் ஆகாது. கொத்தியவர்களின் பேரப்பிள்ளைகளே அச்சொற்களைத் தோண்டியெடுத்தல் வேண்டும்.